முருகைக் கல்லும் உழைத்த கையும்

கட்டடக் கலை என்றதும் கோபுரத்தையும் கோட்டையையும் நோக்கியே நம் கண்கள் உயர்கின்றன. உழைப்பவன் தன் குடும்பத்துக்காக எழுப்பிய சுவரைக் கலையென்று ஏற்க நமது இரசனை இன்னும் கூசுகிறது. இக்கூச்சம் எத்துணைப் பிழையானது என்பதை அறிய நெடுந்தீவுக்குச் செல்ல வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து படகேறி அங்கு செல்வோர் தேடிப் பார்ப்பது, போர்த்துக்கேயர் கட்டியதாகக் கூறப்படும் பாழடைந்த கோட்டையை. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரொன்றின் பெயரால் தீவை 'டெல்ஃப்ட்' என்றழைத்தனர். ஊழியம் என்ற பெயரில் குடிகளிடம் கட்டாய வேலை வாங்கிய ஆட்சி அது. பெயரிட்டவரை வரலாறு அறியும். கல் சுமந்தவரை அறியாது.

கோட்டையின் கல்லும் குடியானவன் வளவின் கல்லும் ஒன்றே: முருகைக் கல். மண் ஆழமற்ற தீவு இது. நிலத்தைத் திருத்தியவன், பெயர்த்த கல்லை வேலியாக அடுக்கினான். குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் செய்யும் வேலையை இங்கே கல் செய்கிறது. சாந்து கிடையாது, ஒரு கல்லின் புடைப்பு மற்றொன்றின் குழியில் அமர்கிறது. இடுக்குகளின் வழியே கடற்காற்று கடந்து செல்கிறது. மாடும் மட்டக் குதிரையும் வெளியே நிற்கின்றன. தேவையையும் பொருளையும் இவ்வளவு சிக்கனமாக இணைத்த அமைப்பைக் கலை என்னாமல் வேறென்ன என்பது?

உழைப்பாளியின் கல்வீட்டை மதித்த நாடும் உண்டு. இங்கிலாந்தின் பைபரிக் கிராமத்தில், 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக எழுந்து, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடில்களாக மாறிய கல்வீட்டு வரிசை இன்றும் பேணப்படுகிறது. பழங்கட்டடங்களைக் காக்க வில்லியம் மொறிஸ் 1877-இலேயே சங்கம் நிறுவினார். ஆயினும் அக்குடிலைப் படம் பிடிப்போர், அதனுள் தறியில் குனிந்தவனின் வறுமையை மறந்துவிடலாகாது.

நாமும் அவ்வாறு மயங்க வேண்டாம். வெளிச்சம் குறைந்த பழைய வீட்டைவிடச் சீமெந்து வீட்டை ஒருவர் விரும்பினால், அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. போரும் பிழைப்பும் மக்களைப் பெயர்த்த தீவில் ஆளற்ற வளவுகள் உண்டு. அங்கே சரிந்த கல்லை மீண்டும் அடுக்கக் கை வேண்டும். அந்தத் திறன் ஏட்டில் இல்லை, முதியோரின் விரல்களில் இருக்கிறது.

கோட்டைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது இவ்வேலிக்குக் காட்டுவோம். அடுக்கத் தெரிந்தவருக்கு உரிய கூலி, இளையோருக்குப் பயிற்சி: இவையே உண்மையான பாதுகாப்பு. கல்லைப் போற்றிக் கையைக் கைவிடுவது கலை வழிபாடு ஆகாது.