பெரிய பூட்டைப் பிரித்த கைகள்

பல செயலிகள் உள்ள கணினியில் லினக்ஸ் வேகமாக ஓடுமா? வேலையைப் பிரிக்க முடிந்தால் ஓடும். எட்டுக் கோர் கணினியில் ‘மேக்’ கட்டளையிடம் எட்டு வேலை என்று சொல்லிக் கெர்னலைக் கம்பைல் செய்து பாருங்கள்; எட்டுக் கோர்களும் முழுமூச்சாக இறங்கும். எனக்குச் சலிக்காத காட்சி அது. ஒற்றை இழையில் ஓடும் நிரலுக்குப் பெரிய பலனில்லை.

பல செயலிகளை முதலில் ஏற்றது 1996-இல் வந்த லினக்ஸ் 2.0. ஆனால் கெர்னலுக்குள் ஒரே பெரிய பூட்டு. ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் நுழையலாம். அதைச் சிறு பூட்டுகளாகப் பிரித்து, டிரைவர் டிரைவராக, கோப்பு முறைமை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். முற்றிலும் அகற்றியது 2011-இல், 2.6.39 பதிப்பில். 15 ஆண்டுப் பொறுமை! இடையில், 2002-இல், தரவைப் படிப்பவர் பூட்டே போடாமல் படித்துச் செல்ல ஆர்சியு என்ற உத்தியும் சேர்ந்தது. கெர்னலிலேயே நான் மிகவும் ரசிப்பது அதைத்தான்.