வெளுப்பின் அழகு

அதிக ஒளி பட்டு வெளுத்த தோற்றம் வேண்டுமென்றால், படத்தைச் சரியான ஒளியில் எடுத்துவிட்டு வெளுப்பைக் கணினியில் ஏற்றுவதே நல்லது. எட்டு பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை படிகள். மூன்று நிறமும் 255-ஐத் தொட்ட இடத்தில் விவரம் மிஞ்சாது. 12 அல்லது 14 பிட் ரா கோப்பு இன்னும் தாராளமாக இடம் கொடுக்கும்.

போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ படத்தின் லேயரை நகலெடுத்து, கலப்பு முறையை 'ஸ்கிரீன்' என்று மாற்றினால் நடுத்தொனிகள் சட்டென்று மேலெழும். முழுக் கறுப்பு அசையாது. இந்தத் தோற்றத்தின் உயிரே அந்தக் கறுப்புதான். ஜன்னலோரம் நிற்கும் முகத்தில் நெற்றியும் கன்னமும் வெள்ளையில் கரைய, கண்மணியும் இமைமுடியும் மை தீட்டியதுபோல் தங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி! கண்கள் வெளிறினால், லேயர் மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் பழைய தொனியை மீட்கலாம்.

தோலில் சிவப்பு முதலில் 255-ஐ எட்டிவிடும். பச்சை பின்தொடர்ந்து ஏற, கன்னம் மஞ்சளடிக்கும். நிறச்செறிவைச் சற்றுக் குறைத்தால் சரியாகும்.

அச்சில் முழு வெள்ளை என்பது மை படாத வெறுந்தாள். படத்தின் ஓரம் தாளோடு கலந்துவிடாதிருக்க, சுற்றிலும் மெல்லிய சாம்பல் கோடு இழுப்பது உண்டு.