குள்ளநரிக்குப் பொழுது போகவில்லை

டோரா புஜ்ஜி பார்த்து வளர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி. அந்தக் குள்ளநரி, திருடிய பொருளை என்ன செய்யும்?

தின்னாது. விற்காது. வளைக்குள் கொண்டுபோய்ப் பதுக்கவும் செய்யாது. கைக்குக் கிடைத்த மறுநொடி எங்கேயாவது தூக்கி எறியும், இனிமேல் உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது என்று சிரிக்கும், ஓடிவிடும். அவ்வளவுதான். மெனக்கெட்டு முகமூடி கட்டி, கையுறை போட்டு, மரத்துக்குப் பின்னால் பதுங்கி வந்து செய்கிற திருட்டில் அதற்குக் காலணா லாபம் கிடையாது. ஆங்கில மூலத்தில் அதன் பெயர் ஸ்வைப்பர். தமிழுக்கு வந்தபோது வெறும் குள்ளநரி ஆகிவிட்டது. அது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நமக்கு நரி என்றாலே பாட்டி வடை சுட்ட கதைதான். காக்காவைப் பாடச் சொல்லி, புகழ்ந்து, ஏமாற்றி வடையைக் கவ்விக்கொண்டு போகும் நரி. அதன் ஆயுதம் பொய்.

டோராவின் நரி பொய்யே சொல்வதில்லை. திருட வருகிறது என்பது அது வரும்போதே எல்லோருக்கும் தெரியும். திருடக் கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டால் நின்றுவிடும். சலித்துக்கொள்ளும், கையைச் சொடுக்கும், திரும்பிப் போய்விடும். நான்காவது தடவை முயன்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. யாரும் அதைக் கட்டிப்போடவில்லை, போலீஸ் வரவில்லை, பூட்டு கிடையாது. மூன்று முறை சொல்லும் சொல் மட்டும்தான். நான் பூட்டு ஊர்க்காரன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மனுசன் சொல்லை நம்ப முடியாது என்கிற அடிப்படையில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த ஊர் அது. அங்கிருந்து பார்க்கையில் இந்த நரியின் வாக்குச் சுத்தம் சாதாரணமாகத் தெரியவில்லை.

அப்புறம் ஏன் திருடுகிறது? எனக்குக் கிடைத்த ஒரே பதில், பொழுது போகவில்லை. டோராவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வேலை இருக்கிறது. தொலைந்த குட்டியை அம்மாவிடம் சேர்க்க வேண்டும், யாருக்கோ பரிசு கொண்டுபோக வேண்டும். புஜ்ஜிக்கு டோரா இருக்கிறாள். மேப்புக்கு வழி சொல்லும் உத்தியோகம். காட்டில் வேலைவெட்டி இல்லாமல், கூட்டாளி இல்லாமல் சுற்றுகிற ஒரே ஆள் நரிதான். அது பறிப்பது பொருளை அல்ல, ஒரு துரத்தலை. அதற்கு விளையாட ஆள் வேண்டும்.

இதே ஆளை நாம் வேறொரு கதையில் பார்த்திருக்கிறோம். புலி வருது, புலி வருது என்று கத்திய ஆட்டிடையன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் முதலில் எடுக்கிற கதை அதுதான். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அவன் ஏன் பொய் சொன்னான் என்று யாரும் நிறுத்திப் பேசியது இல்லை. கதையிலேயே இருக்கிறது, காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக ஆட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கம் மானாவாரிக் காட்டில் ஆடு மேய்ப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று தெரியும். நிழலுக்கு ஒரு வேலிக்கருவை, கண்ணுக்கெட்டிய தூரம் வெயில். சின்னப் பையனை அங்கே ஒத்தையில் விட்டது ஊர். அவன் கத்தினான், ஊரே ஓடி வந்தது. அன்றைக்கு அவனுக்கு நடந்த ஒரே சுவாரசியமான விஷயம் அதுதான். மறுநாளும் கத்தினான். கதை அவன் பொய்யைத் தண்டிக்கிறது, சலிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. முதல் தடவை ஓடி வந்தவர்களில் ஒருத்தராவது, "ஏன்டா தம்பி, ஒத்தையில இருக்க ஒரு மாதிரியா இருக்கா?" என்று கேட்டிருந்தால் மூன்றாவது நாள் புலிக்கு வேலை இருந்திருக்காது.

டோராவின் காடு நரியை விரட்டுகிறது, வெறுப்பதில்லை. சில பகுதிகளில் அதையும் பயணத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது அது திருடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கூட நடக்க ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். மூன்று வயதுக்கு எடுத்த கார்ட்டூன் இந்த ஒரு விஷயத்தில் ஈசாப்பைவிடப் பெருந்தன்மையானது.

அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் 2000 ஆகஸ்டில் தொடங்கிய தொடர் இது. கிறிஸ் கிஃபோர்டு, வாலரி வால்ஷ், எரிக் வைனர் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசிக்கொண்டே ஸ்பானிஷ் கற்றுத்தருவாள். நம் வீடுகளுக்கு அவள் வந்தது 2007இல் சுட்டி டிவி தொடங்கிய பிறகு. அது தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்த காலம். திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகள் அதிகம். விடிகாலையில் மில் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஷிப்டுக்குப் போன அம்மாவுக்கும், இருந்த இடத்திலிருந்தே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சிக்கும் நடுவில் டோரா வந்து உட்கார்ந்தாள். அவளைப் பற்றிப் பேசும் எந்த விமர்சனமும் இதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது.

பெரியவர்களுக்கு டோரா தாங்க முடியாத அறுவை. பாலம், ஆறு, மலை என்று மேப் மூன்று இடங்களைச் சொல்லும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். டோரா நம்மிடம் கேட்பாள், நாம் சொல்ல வேண்டும், பிறகு அவள் அதையே சொல்லுவாள். மலை அவள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும், மலை எங்கே என்று கேட்பாள். தமிழ் மீம்காரர்கள் இதை வைத்துப் பிழைத்துவிட்டார்கள். ஆனால் இந்தத் திரும்பச் சொல்லல் அசட்டுத்தனம் அல்ல, தெரிந்தே வைத்தது. இதே சேனலில் 1996இல் வந்த ப்ளூஸ் க்ளூஸ் தொடரில் ஒரே பகுதியை வாரத்தின் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். பிள்ளைகள் சலிக்கவில்லை, நாளாக ஆக அதிகமாகப் பதில் சொன்னார்கள். தெரிந்ததே மறுபடி வருவதில் மூன்று வயதுக்கு ஒரு அதிகாரம் கிடைக்கிறது. அடுத்து என்ன வரும் என்று உலகத்தில் அவர்களுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். சலிப்பு நமக்குத்தான்.

இப்போது நேர்மை. டோரா கேள்வி கேட்டுவிட்டுத் திரைக்குள்ளிருந்து நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பாளே, சில நொடிகள், கண்ணைச் சிமிட்டியபடி. பிறகு சரியாகச் சொன்னதாகப் பாராட்டுவாள். என் தொழிலில் இப்படி ஒரு புரோகிராம் எழுதினால் கோட் ரிவ்யூவில் கிழித்துவிடுவார்கள். இன்புட்டே வாங்காது, நாலு நொடி தூங்கும், என்ன ஆனாலும் 'வெற்றி' என்று அச்சடிக்கும். இதைவிட மோசம் கடைசியில் வரும். இன்றைக்கு உங்களுக்கு எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டு, காத்திருந்து, எனக்கும் அது பிடித்தது என்பாள். எதுவும் காதில் விழாமலே! நேர்மை பற்றி இவ்வளவு அக்கறையான தொடரின் முதுகெலும்பே ஒரு பொய். 2019இல் வந்த திரைப்படத்தில் இதை அவர்களே கிண்டல் செய்கிறார்கள். குட்டி டோரா சாப்பாட்டு மேசையில் கேமராவைப் பார்த்து ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்கிறாள், அவளுடைய அப்பா அம்மா யாரிடம் பேசுகிறாள் என்று புரியாமல் முழிக்கிறார்கள்.

பொய்தானா? 2012இல், மாவட்டங்களில் கரண்ட் பாதி நாள் இல்லாத அந்த வருடம், அக்கா மகளுக்கு ஐந்து வயது. ஒரு நாள் டோரா பாலம் எங்கே என்று கேட்க, இவள் "பூசணிக்கா" என்றாள். டோரா பாராட்டினாள். என் பக்கம் திரும்பி, "மாமா, அவளுக்குக் காது கேக்காது" என்றாள், மிக ரகசியமாக, டோரா மனசு நோகக் கூடாது என்பது போல. அதற்குப் பிறகும் அவள் பதில் சொல்வதை நிறுத்தவில்லை. ஏமாந்தவள் அப்படிச் செய்ய மாட்டாள். மரப்பாச்சிக்குச் சோறு ஊட்டுகிற பிள்ளைக்கு அது தின்னாது என்று தெரியும். டோராவின் காது பொய், ஆனால் அவள் விடுகிற இடைவெளி நிஜம். அந்த நாலு நொடியில் பூசணிக்காய் என்று சொல்லிப் பார்க்கலாம். தன் பொய்யைச் சோதித்துப் பார்க்கப் பிள்ளைக்கு நேரம் கொடுக்கிற பொய் அது.

கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரமாவது வராது. எங்கள் வீட்டில் இன்வர்ட்டர் கிடையாது. "போரடிக்குது மாமா" என்று கொஞ்ச நேரம் சிணுங்குவாள். பிறகு எழுந்து, மேப் ஆகிவிடுவாள். மணிக்கூண்டு, பேகம்பூர், மலைக்கோட்டை, மூன்று இடம். மணிக்கூண்டு என்பது நாற்காலி, பேகம்பூர் அடுப்படி, மலைக்கோட்டை மொட்டைமாடிப் படி. நரி வேடம் என் அம்மாவுக்கு. ஒரு தடவை அம்மாச்சி அவள் கையிலிருந்த விசிறியைப் பிடுங்க வந்தார். இவள் மூன்று முறை சொல்லிவிட்டாள். புழுக்கமோ என்னவோ, அம்மா விளையாட்டுக்கு, "குடுக்க மாட்டேன் போடி" என்று பிடுங்கியே விட்டார். வீடே அதிரும்படி ஓர் அழுகை. விசிறிக்காக இல்லை. "நரி அப்படிப் பண்ணாது அம்மாச்சி! மூணு தடவை சொல்லியாச்சுல்ல!" சொன்ன சொல்லை மீறுவதை நரிகூடச் செய்யாது என்கிற ஆத்திரம் அது. புலி வருது கதையை அவளுக்கு நாங்கள் பத்து முறையாவது சொல்லியிருப்போம். அது அவளை ஒரு முறையும் அழவைத்ததில்லை.

இந்த இடைவெளிதான் இன்றைக்குக் காணாமல் போயிருக்கிறது. யூடியூபில் ஓடுகிற பாலர் பாட்டு வீடியோக்களில் காட்சி சில நொடிக்கு ஒரு முறை மாறுகிறது. யாரும் கேள்வி கேட்டுக் காத்திருப்பதில்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துவிடும். 2011இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலின் லில்லார்டு, ஜெனிஃபர் பீட்டர்சன் இருவரும் 60 நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வேகமான கார்ட்டூனை வெறும் 9 நிமிடம் பார்த்தவர்கள், உடனே கொடுத்த பணிகளில், மெதுவான கார்ட்டூன் பார்த்தவர்களையும் படம் வரைந்தவர்களையும் விடப் பின்தங்கினார்கள். 60 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது, அந்தப் பாதிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதையும் அந்த ஆய்வு அளக்கவில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சேகரித்த வழக்கில் யூடியூபும் கூகுளும் 2019இல் 17 கோடி டாலர் கட்டின. டோரா கேட்பது போல நடித்தாள், கேட்கவில்லை. இவர்கள் ஒன்றுமே கேட்காதது போல இருந்துகொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். இரண்டில் எது பொய் என்று ஐந்து வயதுப் பிள்ளை கண்டுபிடிக்க வழியே இல்லை, அங்கே பூசணிக்காய் என்று சொல்லிப் பார்க்க இடம் கிடையாது.

உடனே, பிள்ளைகளைச் சலிப்படைய விடுங்கள், அதில்தான் கற்பனை பிறக்கும் என்று ஒரு உபதேசம் வரும். பெங்களூரில் என் அலுவலகத்திலும் அதைச் சொல்கிறார்கள், குழந்தை வளர்ப்பு வீடியோக்களும் சொல்கின்றன. நானும் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சலிப்பு மட்டும் போதாது, சலிக்கும்போது பக்கத்தில் நரி வேடம் போட ஓர் அம்மாச்சி வேண்டும். அது இருந்தால் மணிக்கூண்டும் மலைக்கோட்டையும். இல்லாவிட்டால் ஆட்டிடையனின் வெயில். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிற தாயிடம் போய், போனைப் பிடுங்கு, பிள்ளை சலிக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீட்டில் சலிப்பு என்பது கற்பனைக்கு ஊற்று அல்ல, கதவைத் திறந்துகொண்டு பைபாஸ் ரோட்டுக்குப் போய்விடுகிற நாலு வயசு.

என் மகளுக்கும் இப்போது நாலு வயது. டோராவைத் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். பார்க்கிறாள். ஆனால் டோரா கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இடம் வந்தால் திரையில் இரண்டு தட்டு தட்டுகிறாள், பத்து நொடி முன்னால் போய்விடுகிறது. "பதில் சொல்லு பாப்பா" என்றால், "அவளே சொல்லிருவாப்பா" என்கிறாள். சரிதானே, சொல்லத்தானே போகிறாள்.

நரி வரும் இடத்தில் மட்டும் தட்டுவதில்லை. நேற்று அதன் வால் மரத்துக்குப் பின்னால் தெரிந்ததும் டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டு, "அப்பா, இதுக்கு வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.