இலக்கு எடை: ஒரு திறனாய்வு

தேக ஆரோக்கியத்தை மதிப்பிட மருத்துவ சாஸ்திரம் வகுத்துத் தந்திருக்கும் அளவுகள் பலவற்றுள், பரிசோதனைச் சாலைக்குப் போகாமலும், ஒரு துளி இரத்தம் கொடுக்காமலும், எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்ற மாத்திரத்தில் எவருக்கும் கிடைத்துவிடுவது எடை ஒன்றே. ஆகவே உடம்பைச் சீராக்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் உதித்தவுடன், ‘நான் எத்தனை கிலோ இருக்க வேண்டும்?’ என்ற கேள்வியும் கூடவே உதிப்பது இயல்பே. அக்கேள்விக்கு விடையாக, உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, அதையே லட்சியமாகக் கொண்டு, அதை எட்டும்வரை உணவையும் உழைப்பையும் அதற்கே உட்படுத்தும் வழக்கம் இன்று பட்டணங்களைக் கடந்து சிற்றூர்களிலும் பரவியிருக்கிறது. இவ்வழக்கத்தால் விளையும் நன்மை சிறிதன்று. தவறாகக் கைக்கொண்டால் விளையும் கேடும் சிறிதன்று. இரண்டையும் ஒருசேர வைத்துச் சீர்தூக்கிப் பார்த்து, இலக்கு எடையை எவ்வாறு நிர்ணயிப்பது நியாயம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அவசியம். பி.எம்.ஐ. என்று வழங்கும் உடல் நிறைக் குறியீட்டெண், கிலோவில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது. அதன் மூலம் பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞரும் புள்ளியியல் அறிஞருமான அடோல்ஃப் கெத்லே என்பவரிடம் இருக்கிறது. வளர்ந்த மனிதரின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1835-இல் அவர் வெளியிட்ட நூல் எடுத்துரைத்தது. எனினும் அவர் தேடியது நோயின் காரணத்தையன்று, ஒரு ஜனசமூகத்தின் ‘சராசரி மனிதன்’ எத்தகையவன் என்பதையே. அடுத்த நூற்றாண்டில் இவ்விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தார். எவ்வளவு எடையுள்ளவர் நெடுநாள் உயிர் வாழ்கிறார் என்பதை அறிவதில் அவர்களுக்கு வியாபார அக்கறை இருந்தது. மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனத்தின் புள்ளியியல் நிபுணர் லூயிஸ் டப்ளின் 1940-களின் தொடக்கத்தில் வகுத்த எடை அட்டவணைகள், சிறிய, நடுத்தர, பெரிய என்று உடல்வாகு மூன்று கண்டன. ஆனால் எவர் எந்த வாகினர் என்று அளந்தறியும் முறையை அவை கூறவில்லை. அந்த அட்டவணைகள் 1959-இல் ஒருமுறை திருத்தப்பட்டன. 1983-இல் மீண்டும் திருத்தப்பட்டபோது, சிபாரிசு செய்யப்பட்ட எடைகளில் பல முன்னினும் உயர்ந்தன. இதனிடையே 1972-இல் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரின் அளவுகளை ஒப்புநோக்கி, எடையையும் உயரத்தையும் கொண்டு அமைக்கும் விகிதங்களுள் கெத்லே கண்டதே ஏற்புடையது என்று கூறி, அதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார். பிற்பாடு உலக சுகாதார நிறுவனம் 18.5, 25, 30 என்ற எல்லைகளை வரையறுத்தது. இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது ஒன்றே: கூட்டத்தை அளக்கப் பிறந்த கோலைக் கொண்டு தனிமனிதரை அளந்து வருகிறோம்.

அதனாலேயே அக்கோல் பயனற்றது என்று சொல்லிவிடலாகாது. ஒரு மாநிலத்தின் ஆரோக்கிய நிலையை மதிப்பிடுவதற்கு அதனினும் எளிய சாதனம் வேறில்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் 25 என்ற எல்லையை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள் என்று காட்டியது, 12.6 சதவீதத்தினர் 18.5-க்கும் கீழே மெலிந்தவர்கள் என்பதையும் அதுவே காட்டியது. ஒரே மாநிலத்தில் மிகையும் குறையும் அருகருகே வாழ்கின்றன என்ற உண்மையை இத்தனை தெளிவாக வேறெந்த அளவு கூறும்? தனிமனிதருக்கும் அது எச்சரிக்கை மணியாக உதவுகிறது. ஆண்டுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவரும் பருமனை, வீட்டாரின் கண்ணுக்கு முன்பாகவே மெஷின் கண்டு சொல்லிவிடுகிறது.

எடையைக் குறைப்பதற்கு நிச்சயமான ஓர் இலக்கை வைத்துக்கொள்வதால் வரும் பலனுக்கும் வலுவான பிரமாணங்கள் உண்டு. நீரிழிவின் வாசலில் நின்றவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியில், தத்தம் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிஷம் உடலுழைப்பு மேற்கொள்வதும் இலக்காக வைக்கப்பட்டன. அவ்வழி சென்றோரிடையே நீரிழிவு தோன்றுவது, ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட குழுவினரை நோக்க, 58 சதவீதம் குறைந்தது. பிரிட்டனில் அண்மைக் காலத்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி, நீரிழிவு கண்டு ஆறாண்டுக்கு உட்பட்டவர்களுக்கு 15 கிலோ குறைப்பதை இலக்காக வைத்தது. ஓராண்டு முடிவில் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் மருந்தின்றியே நோய் தணிந்த நிலையை அடைந்திருந்தனர். இலக்கு என்பதே வீண் என்று கூறுவோர் இவ்விரு முடிவுகளுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும் இவ்விரு ஆராய்ச்சிகளையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவை வைத்த இலக்கு அட்டவணையில் கண்ட ‘சரியான எடை’ அன்று. அவரவர் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதே. இந்த வேற்றுமை மிகப் பெரிது. 160 சென்டிமீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள நடுவயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய குறியீட்டெண் 28. இந்திய மருத்துவ நிபுணர்கள் 2009-இல் கூடி வகுத்த அளவின்படி 23-க்குக் கீழே வரவேண்டுமாயின், அவர் ஏறக்குறைய 59 கிலோவுக்கு இறங்க வேண்டும். அதாவது 13 கிலோ குறைய வேண்டும். 7 சதவீதம் என்ற கணக்கைக் கொண்டாலோ, 5 கிலோ குறைந்து 67-க்கு வந்தாற் போதும். அப்போது அவருடைய இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கியிருக்கும். படியேறும்போது மூச்சு முன்போல் இரைக்காது. முழங்கால் வலியும் சற்று அடங்கியிருக்கும். ஆனால் அட்டவணையோ இன்னும் 26 என்று காட்டி, பருமனுடையோர் வரிசையிலேயே அவரை நிறுத்தி வைக்கும். உடம்பு தேறிக்கொண்டு வருகையில் எண் மாத்திரம் தோல்வி என்று தீர்ப்புச் சொல்லுமாயின், அத்தீர்ப்பைக் கேட்டு மனமுடைந்து பழைய வழிக்கே திரும்பும் மனிதரைக் குறை கூறுவது தகுமா?

இக்கோலின் இரண்டாவது குறை, எடைக்குள் இருப்பது எது என்று அதற்குத் தெரியாமை. தசையும் கொழுப்பும் நீரும் எலும்பும் அதற்கு ஒன்றே. புணே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் தங்களையே உதாரணமாக வைத்து இதனை விளக்கினர். இருவருடைய குறியீட்டெண்ணும் 22.3, ஒரு புள்ளியும் வித்தியாசமில்லை. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயரிடம் 9.1 சதவீதமும் இந்தியரிடம் 21.2 சதவீதமும் இருந்தன. நம் நாட்டவரிடம், வெளிக்கு மெலிந்து தோன்றினும், கொழுப்பு வயிற்றினுள்ளே தங்கி, இளமையிலேயே நீரிழிவுக்கு வழி வகுப்பது இதனால் விளங்கும். ஐரோப்பியரைக் கண்டு வகுத்த 25 என்ற எல்லை ஆசிய மக்களுக்குப் போதாது என்று உணர்ந்தே, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் 23-ஐயும் 27.5-ஐயும் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்துக் கூறிற்று. ‘எனக்கு எடை சரியாகத்தான் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருக்கும் தொந்தியுள்ள மெலிந்த மனிதர், இவ்வட்டவணையால் ஏமாற்றப்படுபவர்களுள் முதல்வர்.

மூன்றாவதாக, எடை இறங்காமலேயே ஆரோக்கியம் ஏறக்கூடும் என்ற உண்மையை இவ்வழக்கம் அடியோடு மறைத்துவிடுகிறது. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. பின்னவரின் எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! அவர்களுள் ஒருவர் மெஷினை மாத்திரம் நம்பியிருந்தால், ‘மூன்றாண்டு உழைத்தும் ஒன்றும் நடக்கவில்லை’ என்று எண்ணி, தம்மைக் காத்துவந்த நற்பழக்கத்தையே கைவிட்டிருப்பார்.

இனி, எண்ணை எட்டியே தீர்வது என்று பிடிவாதம் கொள்வதால் வரும் தீங்குகளைச் சுருக்கமாகக் கூறலாம். எடை குறைந்த உடம்பு முன்னினும் குறைவாகவே சக்தியைச் செலவிடுகிறது. பசியைத் தூண்டும் சுரப்புகளோ ஓராண்டு கழிந்த பின்னும் ஓங்கியே நிற்கின்றன. ஆகவே பட்டினியால் விரைந்து இழந்த எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. இழந்ததில் தசையும் சேர்ந்திருக்க, திரும்புவது பெரும்பாலும் கொழுப்பாகவே இருந்துவிடவும் கூடும். உப்பு கூடுதலாகச் சேர்ந்த ஒரு விருந்தும் மாதவிலக்கை ஒட்டிய நாட்களும் எடையை ஒன்றிரண்டு கிலோ ஏற்றி இறக்கும். அவற்றைக் கொழுப்பென்று மயங்கி மறுவேளை உண்ணாதிருப்பது அறியாமை. கலியாணத் தேதியைக் கணக்கிட்டு இளம்பெண்களை மெலியச் செய்யும் வழக்கம், இரத்தச்சோகை மலிந்த நம் நாட்டில் கண்டிக்கத் தக்கது. முதியோர் விஷயமோ வேறு: அறுபத்தைந்து வயதுக்கு மேல், முயற்சியின்றி எடை குறைவது மகிழ்ச்சிக்கு உரியதன்று, மருத்துவரிடம் போவதற்கு உரிய அடையாளம்.

அப்படியாயின் இலக்கை எப்படி நிர்ணயிப்பது? என் அபிப்பிராயத்தில், எடையை முதலில் நிர்ணயித்து ஆரோக்கியத்தை அதன் பின்னே இழுக்கும் முறை தலைகீழானது. ஆரோக்கியத்தின் நிலையை முதலில் அறிந்து, எடையைக் கடைசியில் நிர்ணயிப்பதே முறை. தொடக்கமாக இடுப்புச் சுற்றளவை எடுக்க வேண்டும். இதற்கு வேண்டுவது தையற்காரரின் இஞ்சு டேப் ஒன்றே. எனினும் பாவாடை நாடா கட்டுமிடத்திலோ பெல்ட் போடுமிடத்திலோ அளந்தால் கணக்கு பிழைபடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இந்தியர்க்கு வகுத்த எல்லை. அது நினைவில் நில்லாதோர், சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டலாகாது என்ற ஒன்றை மனத்தில் கொண்டால் போதும். அடுத்து இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றின் பரிசோதனை. பெற்றோருக்கு நீரிழிவோ மாரடைப்போ உண்டா என்ற விசாரணை. இருபத்தைந்து வயதில் தம் எடை என்னவாக இருந்தது, எந்தக் காலத்தில் ஏறத் தொடங்கியது என்ற ஞாபகம். இவை யாவும் சரியாக இருந்தால், அட்டவணை சற்று மிகையென்று காட்டினும் எடை ஏறாமல் காப்பதே தக்க இலக்கு. இவற்றுள் ஒன்றிரண்டு பிசகியிருந்தால், இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை குறைப்பதை முதற்படியாகக் கொள்க. ஆறு மாதத்தில் அதை எட்டி, சில மாதம் அங்கேயே நிலைத்து நின்று, பரிசோதனைகளை மறுபடி செய்து பார்த்த பின்பே அடுத்த படியைப் பற்றி யோசிக்க வேண்டும். இறுதியில் கொள்ளும் இலக்கும் ஒரே எண்ணாக இராமல், இரண்டு மூன்று கிலோ இடைவெளி கொண்ட வரம்பாக இருக்கட்டும். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், முதியோர், நீரிழிவுக்கு மருந்து உண்போர் ஆகியோர் தாமாக எந்த இலக்கும் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்க்கையில் நாம் எய்தும் தீர்ப்பு இது: உயர எடை அட்டவணை நல்ல காவலாள், ஆனால் நீதிபதியின் ஆசனத்தில் அமரும் தகுதி அதற்கில்லை. இலக்கு எடை வேண்டும். அது அவரவர் உடம்பின் சரித்திரத்திலிருந்தும் சோதனை முடிவுகளிலிருந்தும் பிறந்ததாக இருக்க வேண்டும். எந்த எடையில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அடங்கி நிற்கின்றனவோ, எந்த எடையில் வயிறாரப் பசியடங்க உண்டு, களைப்பின்றி உழைத்து, ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்க இயலுமோ, அதுவே ஒருவருக்கு உரிய எடை. இக்கட்டுரையைப் படிப்போர், இன்னொரு முறை மெஷின் மேல் ஏறுவதற்கு முன், இடுப்பை ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டு, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாளை ஒதுக்கிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.