கரிசல் மேல் நீச்சல்குளம்: சுற்றுத்தளத்துக்கு எது தகும்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் நீச்சல்குளத்தைச் சுற்றி என்ன தளம் போடலாம் என்று யாராவது கேட்டால், இடம் எந்தப் பக்கம் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். மண்டபம், உச்சிப்புளி, ராமேஸ்வரம் தீவு என்றால் காலடியில் மணல்; அங்கே தளத்தைக் கெடுப்பது உப்புக்காற்று. கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் கரிசல். அங்கே மண்ணே தளத்தைப் பெயர்த்துவிடும். தீவில் நன்றாக நிற்கும் டைல்ஸ் தளத்தைப் பார்த்துவிட்டு, அதையே முதுகுளத்தூர் தோட்டவீட்டில் போட்டால் நிற்காது. இங்கே எடைபோடப் போவது கரிசல் நிலத்துக்கான தளத்தை.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் உண்டு. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த மாவட்டத்து மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் வெயில். சித்திரையில் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட மண்ணுக்காகவே அண்டர்ரீம்டு பைல் அஸ்திவாரத்தை உருவாக்கியது. ஆழமான கரிசலில் அந்தப் பைல் வழக்கமாக 3.5 மீட்டராவது இறங்க வேண்டும், ஈரம் ஏறி இறங்கும் ஆழம் அவ்வளவு. வீட்டுக்கு அந்தப் பைல் இருக்கிறது. குளத்துக்குத் தன் தண்ணீரின் பாரம் இருக்கிறது. சுற்றுத்தளத்துக்கு இரண்டும் கிடையாது. நாலு அங்குலக் கனம், மேலே இரண்டு நாற்காலி. கீழே மண் தூக்கினால் தடுக்க எதுவுமில்லை.

போதாததற்குக் குளத்தோரம் எப்போதும் நனைந்துகொண்டே இருக்கும், வெளி விளிம்பு காயும். கோடையில் உள்பக்கம் எழும்பிக் குளத்தின் விளிம்புக் கல்லை நெருக்கும். மழையில் வெளிப்பக்கம் உப்பினால் சரிவு தலைகீழாகி, முற்றத்துச் சேற்றுத்தண்ணீர் குளத்துக்குள் ஓடும்.

மண் எவ்வளவு உப்பும் என்று தெரியாமல் தளம் பேசுவது வீண். சோதனை எளிது. காயவைத்துச் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 10 மில்லியும் தண்ணீரில் 20 மில்லியும் நின்றால் வீக்கம் 100 சதவீதம். 50 தாண்டினாலே எச்சரிக்கை தேவை. லட்சங்களில் குளம் வெட்டுகிறவர்கள் இந்த ஒரு நாள் சோதனையைத் தவிர்ப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இனித் தளங்கள். கம்பி கட்டிய காங்கிரீட், மேலே டைல்ஸ்: பார்க்க அழகு, கரிசலில் இதுவே மிக மோசம். தளம் ஒரே துண்டாக நிற்கப் பார்க்கும், மண் விடாது. முதலில் டைல்ஸ் பொள்ளலாகும், பிறகு பிளக்கும், பிளந்த வழியில் தண்ணீர் ஒரே இடத்தில் இறங்கி அந்த இடத்தை மட்டும் இன்னும் தூக்கும். கடல் அருகில் இருந்தால் கம்பியும் துருப்பிடிக்கும். 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். முற்றத்துக்கு யார் போடுவார்கள்?

கட்டம் கட்டமாக வெட்டிவிட்ட வெறும் காங்கிரீட் இதைவிடத் தேவலை. வெடிப்பு நாம் விட்ட கோட்டிலேயே வரும். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் அரை அங்குலம் ஏறி இறங்கினால் ஈரக்காலோடு ஓடும் குழந்தைக்கு அதுவே தடுக்கல். சீர்செய்ய உடைத்துத்தான் ஆக வேண்டும்.

மண்ணைத் தொடாமல் தூண்மேல் நிற்கும் மரப்பலகைத் தளத்துக்கு நியாயமான வலு உண்டு. அடியில் மண் என்ன ஆடினாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அந்தத் தூண்களும் 3.5 மீட்டர் இறங்கினால்தான் அந்த வாதம் நிற்கும். அந்தச் செலவுக்குத் துணிந்தவருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

மிச்சமிருப்பது சாந்து பூசாமல் படுகைமேல் அடுக்கும் பேவர் பிளாக்கோ கல் பலகையோ. மண்ணோடு கொஞ்சம் அசையும், எழும்பிய இடத்தைப் பெயர்த்துச் சமன்செய்து திரும்ப அடுக்கலாம். இதன் மீது சொல்லப்படும் குறை வலுவானது: இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கரிசலை நனைக்கும். ஆகவே இதன் தகுதி அடிப்படுகையில் இருக்கிறது.

அங்கேதான் பலர் தவறுகிறார்கள். கரிசலை எடுத்துவிட்டு மணலைக் கொட்டினால், களிமண் குழிக்குள் தண்ணீர் தேங்கும் தொட்டி ஒன்றைக் கட்டியதாகிறது. ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் ஆர்.கே. கட்டி காட்டிய வழி வேறு: உப்பாத, ஆனால் ஒட்டுந்தன்மையுள்ள மண்ணைக் கெட்டித்துப் போடுவது. கரிசல் நிலத்துக் கால்வாய்களின் உள்பூச்சுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதைத்தான் ஏற்றது. நம் ஊருக்கு அது செம்மண் கிராவல். இரண்டடி தோண்டி, அரையடி அரையடியாக நனைத்து ரோலர் ஓட்ட வேண்டும். அதிக வீக்கமுள்ள மண்ணில் இரண்டடியும் போதாது. கரிசலிலேயே சுண்ணாம்பு கலந்து இறுக்குவதும் நல்ல முறைதான். ஆனால் மண்ணில் சல்பேட் இருந்தால் சுண்ணாம்பே வீக்கத்தைக் கூட்டும் என்பதால், உப்பு ஏறிய கடலோர நிலத்தில் ஆய்வு செய்யாமல் தொடக்கூடாது.

என் தீர்ப்பு இது: கெட்டித்த கிராவல், அதன்மேல் வெளிப்பக்கம் 50க்கு 1 சரிவில் தடித்த பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் ஓர் அங்குல எம்-சாண்ட், அதில் அடுக்கிய கல் பலகை. சரிவின் முடிவில் இறங்கிய தண்ணீரை வாங்கிக்கொள்ளும் வடிகால். குளத்தின் விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி, அதில் பாலிசல்ஃபைட் சீலன்ட். சிமென்ட் வைத்து அடைத்தால் மொத்தமும் பாழ். கல்லில் கடப்பா வேண்டாம், பங்குனி வெயிலில் கால் வைக்க முடியாது. பாலிஷ் போட்டது வழுக்கும். ஃபிளேம் அடித்த வெளிர்நிறக் கிரானைட் இரண்டுக்கும் விடை.

தளம் போடுமுன் ஓரத்துச் சீமைக்கருவேலைப் பார்க்க வேண்டும். மரம் நின்றால் வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கம் தாழும். வெட்டினால் காய்ந்த மண் மெல்ல ஈரம் ஏறி எழும்பும். வெட்டுவதென்றால் ஒரு பருவமழைக்கு முன்பே வெட்டி, மண் தணிந்த பிறகே கிராவல் லாரியை வரச்சொல்ல வேண்டும்.