பேயைத் தெரியும், ஆளைத் தெரியாது

மதுரை மேலக்கால் ரோட்டில் டீக்கடை முன்னால் நாலு பேர் நின்று 'சந்திரமுகி 2' பற்றிப் பேசினால், ஒருவராவது இதைச் சொல்லாமல் போகமாட்டார்: "அந்தப் பிள்ளைக்குக் காலே ஆடலப்பா." கண்ணை உருட்டினார்களே, குரலை மாற்றினார்களே, முடியை விரித்துப் போட்டார்களே என்று இன்னொருவர் எதிர்வாதம் வைப்பார். அதெல்லாம் கணக்கில் வராது. கால் ஆடவில்லை, ஆட்டம் முடிந்தது.

வழக்கமாக இந்தப் பத்தியில் மாடும் மட்டையும்தான் அலசப்படும். இந்த வாரம் பேய்ப்படத்துக்குள் நுழைந்ததற்கு அந்தத் தீர்ப்புதான் காரணம். படத்தில் லாஜிக் இல்லை, பாட்டு சரியில்லை, இழுவை என்று எந்த ஊரிலும் சொல்லலாம். காலைப் பார்த்து மார்க் போட, கோச்சடை மாதிரி ஓர் ஊரில் வளர்ந்திருக்க வேண்டும்.

வைகைத் தென்கரையில் முத்தையா சாமி கோவிலை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இது. சாமியாடியைக் கை எட்டும் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. முதலில் ஒரு கொட்டாவி வரும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கால் கட்டைவிரல் தரையைப் பிராண்டும். உறுமிச் சத்தம் ஏற ஏற முழங்கால் வெடவெடக்கும். தோளும் கழுத்தும் அதற்கப்புறம்தான், கண் கடைசியில். காலில் தொடங்கி மேலே ஏறினால் சாமி, கண்ணில் தொடங்கிக் கீழே இறங்கினால் கள்ள ஆட்டம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார். சந்தேகம் வந்தால் எரிகிற கற்பூரத்தைக் கையில் ஏந்தக் கொடுத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. மூன்றாவது நடுவர், ரீப்ளே எல்லாம் இங்கே அந்தக் கற்பூரம்தான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பேய்ப்படம் எடுக்கிறவர்கள் அதைத்தான் தவறவிடுகிறார்கள். ஆடுகிற ஆளை ஊருக்கே தெரியும். வருஷம் முழுக்கப் பஞ்சர் ஒட்டுகிறவர், பத்து ரூபாய் கடன் சொன்னால் முகம் சுளிக்கிறவர், பொண்டாட்டிக்குப் பயப்படுகிறவர். அன்றைக்கு அவர் நம்மை நிமிர்ந்து பார்க்கும்போது, அந்தப் பார்வைக்கு நம்மைத் தெரியவில்லை. வயிற்றைக் கலக்குவது அந்த ஒரு நொடி. முன்பின் தெரியாத ஒருவர் மேல் சாமி இறங்கினால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். பஞ்சர்க்கடைக்காரர் மேல் இறங்கினால்தான் ஒரு எட்டு பின்னால் வைக்கிறோம்.

2005 ஏப்ரல் 14-ல் வந்த முதல் 'சந்திரமுகி' இந்த ஒரு நொடியை வைத்து ஆடிய ஆட்டம். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியதற்கு ரஜினி காரணம், வடிவேலு காரணம், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கட்டில் காட்சி இல்லாமல் அது நடந்திருக்காது. படத்தின் பெரும்பகுதியில் ஜோதிகாவின் கங்கா நமக்குப் பழகிவிட்ட பெண். சிரிக்கிறாள், கதை கேட்கிறாள், பூட்டிய அறையைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறாள். அப்புறம் ஒருநாள் வெளியே போக வேண்டும் என்கிறாள், கணவர் வேண்டாம் என்கிறார். அவ்வளவு சின்னச் சண்டை. அதற்குள்ளேயே ஜோதிகாவின் முகம் படிப்படியாகக் கைமாறுகிறது. கட்டில் ஒரு கையில் மேலே வருவதற்குள் கங்கா போய்விட்டாள். நாம் எட்டு வைக்காமலே நாற்காலியோடு பின்னால் போகிறோம்.

ஜல்லிக்கட்டு பாஷையில் சொன்னால், அது நின்னு விளையாடுற மாடு. வாடிவாசலை விட்டு வந்ததும், மாட்டைத் திரும்பப் பிடிக்கும் கலெக்சன் பாயிண்டைப் பார்த்து ஓடவில்லை. நின்று, திரும்பி, கூட்டத்தை முறைத்துப் பார்த்தது. 1993-ல் இதே கதையை வைத்து ஃபாசில் எடுத்த 'மணிச்சித்ரதாழு'வில் ஷோபனா தேசிய விருது வாங்கிய அதே களம்தான். 2004-ல் கன்னட 'ஆப்தமித்ரா'வில் சௌந்தர்யா ஆடியதும் இதில்தான். படம் திரைக்கு வருமுன்பே அவர் விபத்தில் இறந்துபோனார்.

இரண்டாம் பாகம் 2023 செப்டம்பர் 28-ல் வந்தது. அதே இயக்குநர் பி. வாசு. அவருக்கு இந்த மைதானம் புதிதல்ல. 'ஆப்தமித்ரா', 'சந்திரமுகி', 2010-ல் கன்னடத்தில் 'ஆப்தரக்ஷகா', அதே வருஷம் தெலுங்கில் 'நாகவல்லி' என்று நான்கு முறை இறங்கி ஆடியவர். ஐந்தாவது முறை சறுக்கல்.

நான் கேட்ட வரையில் பார்த்தவர்களின் குறைகள் மூன்று விதம். பெண்கள் பெரும்பாலும் கங்கனா ரனாவத்தை ஜோதிகாவோடு ஒப்பிட்டார்கள். எனக்கு அந்த ஒப்பீடே தவறாகப் படுகிறது. இருவருக்கும் கொடுத்த வேலை வேறு. ஜோதிகா ஒருத்தியாக இருந்து இன்னொருத்தியாக மாற வேண்டும். கங்கனா முழுக்க முழுக்க அந்தக் காலத்துச் சந்திரமுகியேதான், அவருக்கு மாற வேண்டிய வேலையே இல்லை. மாறுகிற வேலை லட்சுமி மேனனுக்கு. பெரிய குடும்பக் கூட்டத்துக்குள் சக்கர நாற்காலியில் ஒரு பெண். அவள் யார், எதற்குச் சிரிப்பாள், யாரோடு சண்டை போடுவாள் என்று நமக்குக் காட்டவே இல்லை. பேய் வருவதற்கு முன்னாலும் தெரியாத பெண், வந்த பின்னாலும் தெரியாத பெண். எங்கே பயப்படுவது?

இளவட்டங்களின் குறை ராகவா லாரன்ஸ் பற்றியது. ரஜினி நின்ற இடத்தில் நின்று ரஜினி மாதிரியே தலையைக் கோதினால் எப்படி என்பது அது. பேசித் தீர்கிற வழக்கு இல்லை, விட்டுவிடலாம்.

மூன்றாவது குறையை அதிகம் பேர் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொன்னார். முதல் பாகத்தில் பேயே கிடையாது, கங்காவுக்கு மனசில் நோய், அதைத் தீர்க்க வந்தவர் மனநல மருத்துவர். இரண்டாம் பாகத்தில் பேய் நிஜமாகிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்துப்போன நாலே வருஷத்தில், ரஜினி படம் 'இது நோய்' என்று சொன்னது சின்ன விஷயமில்லை, அதைப் போய் அழிக்கலாமா என்பது அவர் ஆதங்கம். ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் படம் தோற்றது அதனால் என்று சொல்ல முடியாது. 'ஆப்தரக்ஷகா' கர்நாடகத்தில் நன்றாக ஓடியது. இந்தியில் 2022-ல் வந்த 'பூல் புலையா 2'-விலும் பேய் நிஜம்தான், அதுவும் பெரிய வெற்றி. அதில் தபு அக்கா தங்கை இருவராகவும் வந்தார். யார் யாராக நிற்கிறார்கள் என்ற சந்தேகத்தைக் கடைசி வரை இழுத்துக்கொண்டே போனார்கள். நாமும் அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

லாரன்ஸ் மேல் கோபப்படுகிறவர்கள் அவருடைய பழைய ஸ்கோரையும் பார்க்க வேண்டும். 2007-ல் 'முனி'. ராஜ்கிரண் முனியாண்டியாக வந்து லாரன்ஸ் உடம்பில் இறங்கினார். முனியாண்டி என்ற பெயருக்கு மதுரையில் தனி மரியாதை உண்டு, ஆனாலும் படம் சுமார்தான். 2011-ல் அதன் இரண்டாம் பாகமாக 'காஞ்சனா' வந்தது. தமிழில் முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிட்ட இரண்டாம் பாகம் என்றால் என் பட்டியலில் முதல் பெயர் இதுதான். ராத்திரி தனியாக வெளியே போகப் பயந்து அம்மாவைத் துணைக்குக் கூப்பிடும் தொடைநடுங்கி ஒருவனை முதல் அரை மணி நேரம் நமக்கு நன்றாகப் பழக்கிவிட்டார்கள். பிறகு அவன் உடம்பில் ஒன்றல்ல, மூன்று பேர் இறங்குகிறார்கள். நடை ஒவ்வொரு தடவையும் வேறு. மேலே சொன்ன அந்தப் பெரியவர்கூட லாரன்ஸ் காலுக்கு மார்க் போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டான்ஸ் மாஸ்டர் கால் அல்லவா!

இயக்குநர் அஜய் ஞானமுத்து வேறு வழியில் போனார். 2015-ல் வந்த 'டிமான்டி காலனி'யில் நான்கு நண்பர்கள், ஒரே அறை, பேய்ப்படத்துக்குப் போதுமான மைதானம். 2024 ஆகஸ்ட் 15-ல், அதுவும் 'தங்கலான்' இறங்கிய அதே நாளில், இரண்டாம் பாகத்தைத் துணிந்து இறக்கினார். முதல் பாகத்தில் கதை முடிந்த ஸ்ரீநிவாசனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சோடு படுக்க வைத்துவிட்டு, அதே முகத்தில் அவன் சகோதரனாகவும் அருள்நிதியையே ஆட வைத்தார். நமக்குப் பழகின முகம் கையில் இருந்தது. இங்கே பார்த்தவர்களில் பலருக்கும் இடைவேளை வரை பிடித்திருந்தது. அதற்குப் பிறகு புதிர் மேல் புதிர் போட்டுக் குழப்பிவிட்டார்கள், அடுத்த பாகத்துக்குத் தூண்டில் போட்டே முடித்துவிட்டார்கள் என்று முணுமுணுப்பும் உண்டு. எனக்குத் தெரிந்து படம் சாமியாட்டத்தில் இறங்கவே இல்லை. துப்பறியும் ஆட்டமாக ஆடிக் கரையேறியது. தன் பலவீனமான பக்கம் பந்து வராமல் பார்த்துக்கொள்கிற மட்டையாளர் மாதிரி.

இந்தச் சறுக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1973-ல் 'தி எக்ஸார்சிஸ்ட்' உலகத்தை நடுங்க வைத்தது. சாதுவான ஒரு சின்னப் பெண் உடம்பு, அதற்குள்ளிருந்து மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜின் கரகரத்த குரல். 1977-ல் ஜான் பூர்மன் இரண்டாம் பாகம் எடுத்தார். அதே லிண்டா பிளேர், நமக்குத் தெரிந்த அதே பெண். ஆனால் பேய் ஒப்பனையை மறுபடி போட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார், அந்த இடங்களில் வேறொருவரை நிறுத்தினார்கள். பயப்பட வந்த கூட்டம் சிரித்தது. வெளியான சூட்டோடு பூர்மன் படத்தை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. அங்கே ஆளைத் தெரிந்திருந்தது, அந்த ஆள் மாறவில்லை. நம்ம ஊரில் மாறியவளைத் தெரியவில்லை.

இத்தனையும் பேசிவிட்டு நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். முதல் 'சந்திரமுகி'யிலிருந்து இரண்டாம் பாகத்துக்கு அதே முருகேசனாக வந்தவர் வடிவேலு. நம்ம ஐராவதநல்லூர்க்காரர். படம் முழுக்க எல்லோருக்கும் பழக்கமான ஒரே முகம் முருகேசன். பதினெட்டு வருஷமாக அந்த ஆள் எதற்குப் பயப்படுவார், எப்படி ஓடுவார், ஓடும்போது எந்தத் தோளைத் தூக்குவார் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவரை அரண்மனைக்குள் ஓடவிட்டுச் சிரிப்புக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு காட்சி போதும். எல்லோரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். முருகேசன் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், கொட்டாவி வருகிறது. இன்னொன்று வருகிறது. பந்திப்பாய்க்கு அடியில் கால் கட்டைவிரல் தரையைப் பிராண்ட ஆரம்பிக்கிறது.