குறும்பனை மானிட்டராக்கிய ஊர்

1999 ஆகஸ்ட். சிங்கப்பூரின் தேசிய தினப் பேரணி மேடையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் பேசிக்கொண்டிருந்தார். நாட்டின் பெரிய காரியங்களுக்கு நடுவே ஒரு ரெனவேஷன் கான்ட்ராக்டரின் பெயர் வந்து விழுந்தது. சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், மஞ்சள் பூட்ஸ், ஆசையாக வளர்த்த சுண்டுவிரல் நகம். பெயர் புவா சூ காங். நிஜ ஆள் இல்லை. சேனல் 5 நகைச்சுவைத் தொடரின் நாயகன். பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிங்கிலீஷ் (சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம்) பேசுகிறார்கள், அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்புங்கள் என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் கேட்டார் பிரதமர்.

அடங்காத பையனை நம்மூர் வாத்தியார் என்ன செய்வார்? மானிட்டராக்கிவிடுவார். இந்த ஊரும் அதைத்தான் செய்தது. அதனால் பையனின் ஆட்டம் என்ன ஆனது என்பதே இங்கே கேள்வி.

முதலில் ஆட்டக்காரரைப் பார்ப்போம். குர்மித் சிங்கின் தந்தை சீக்கியர், தாய் சீன-ஜப்பானிய வம்சாவளி. அவர் சீனக் கான்ட்ராக்டராக நடித்த 'புவா சூ காங் பிரைவேட் லிமிடெட்' 1997 முதல் 2007 வரை ஓடியது. சிங்கப்பூர், ஜொகூர் பாரு, சிலர் சொல்வதுபோல் பாத்தாம் வரையிலும் தானே சிறந்தவன் என்பது அவருடைய சுயவிளம்பரம். "சிலர் சொல்வதுபோல்" என்ற அந்த இழுப்பில்தான் குறும்பே இருக்கிறது. ஜொகூர் வரை சந்தேகமில்லை, பாத்தாமுக்கு மட்டும் சாட்சி தேவைப்படுகிறது!

இந்தக் குறும்பின் ஆயுதம் வாய். தன் ஆங்கிலத்தில் தவறு இருக்கலாம் என்ற எண்ணம் அந்த முகத்தில் ஒரு நொடிகூட எட்டிப் பார்க்காது. எதிரே நிற்பவர் தம்பி மனைவி மார்கரெட்: படித்தவர், நுனிநாக்கு ஆங்கிலம், அண்ணன் குடும்பத்தைக் கண்டாலே மூக்கைச் சுளிப்பவர். அந்த வேடத்தில் டான் கெங் ஹுவா சிரிக்கவே மாட்டார். கைதட்டல் குர்மித்துக்குப் போனாலும், பந்தைச் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தவர் டான்தான். குறும்புக்காரனின் தரத்தை அவனிடம் மாட்டியவரின் முகத்தில் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டரின் மனைவியும் அலுவலக வரவேற்பாளருமான ரோஸியாக வந்த ஐரீன் ஆங் இன்னொரு தூண்.

ஒரு சின்னக் குறை. ஞாயிறு மாலை சிங்கப்பூரின் டன்லப் தெருவிலும் வீராசாமி சாலையிலும் கூடி நிற்கும் கட்டுமானத் தொழிலாளர்களைப் பார்த்துவிட்டு இந்தத் தொடரைப் பார்த்தால், கட்டட வேலை பற்றிய கதையின் முதன்மைப் பாத்திரங்களில் ஒரு தமிழ்த் தொழிலாளிகூட இல்லையே என்று தோன்றும்.

இதே பந்தயத்தில் ஓடும் அமெரிக்க வீரர் ஜிம் ஹால்பர்ட். 'தி ஆபீஸ்' தொடரில் (2005-2013) காகிதம் விற்கும் கம்பெனியின் விற்பனையாளர். நடித்தவர் ஜான் கிராசின்ஸ்கி. பக்கத்து மேசை டுவைட்டின் ஸ்டாப்ளரை ஜெல்லிக்குள் உறைய வைப்பதில் கணக்கைத் தொடங்குகிறார். அது 2001இல் வந்த பிரிட்டிஷ் மூலத்திலேயே இருந்த குறும்பு. ஜிம்மின் சொந்தச் சரக்கு தொலைபேசியில் தெரியும். டுவைட்டின் ரிசீவருக்குள் ஐந்து காசு நாணயங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். கை அந்தக் கனத்துக்குப் பழகியதும் ஒரே நாளில் அத்தனையையும் எடுத்துவிடுகிறார். மணி அடிக்கிறது, டுவைட் பழைய வேகத்தில் ரிசீவரைத் தூக்குகிறார், தலையில் இடி.

பாலஸ்டியர் திடலில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓவர் ஓவராக ஒரே இடத்தில் பந்தைத் திருப்பி மட்டையாளரைப் பழக்கிவிட்டு, திரும்பாத ஒன்றைப் போடும் சுழல்பந்து வீச்சாளரின் வேலை. விக்கெட் விழுந்ததும் ஜிம் துள்ளுவதில்லை. கேமராவை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பின்னணிச் சிரிப்பொலி இல்லாத தொடருக்கு அந்தப் பார்வைதான் சிரிப்பொலி. ஆனால் இந்த நாணயக் குறும்பு வரும் அதே 2006 அத்தியாயத்தில், டுவைட் எழுதி வைத்த புகார்களையெல்லாம் மேலாளர் வரிசையாக உரக்கப் படிக்கும்போது ஜிம்மின் முகம் மெல்ல வாடுகிறது. வேலை நேரம் எதில் போனது என்பது அவருக்கே அப்போதுதான் உறைக்கிறது. குறும்புக்காரனுக்கு இப்படி ஒரு கணம் அமைவது அபூர்வம்.

நம்மவர் கணக்கில் 'தில்லு முல்லு' ரஜினியைச் சேர்க்காமல் முடியாது. 1981இல் கே. பாலசந்தர் எடுத்த படம். கால்பந்து பார்க்கப் பொய் சொல்லி விடுப்பு வாங்கிய குமாஸ்தா, முதலாளி தேங்காய் சீனிவாசனிடம் மாட்டாமல் இருக்க மீசையில்லாத தம்பியை உற்பத்தி செய்கிறார். ஜிம் அலுப்பைப் போக்கக் குறும்பு செய்கிறார். இவரோ சம்பளம் போகாமல் இருக்கச் செய்கிறார்.

மீண்டும் மஞ்சள் பூட்ஸுக்கு வருவோம். பிரதமர் சொன்னபடியே கதைக்குள் புவா சூ காங் ஆங்கில வகுப்புக்குப் போனார். 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியது. 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது அதே கான்ட்ராக்டர் ராப் பாடிக் கைகழுவச் சொன்னார். பிறகு எம்ஆர்டி ரயிலில் வரிசையாக நிற்கச் சொன்னார். எந்தச் சிங்கிலீஷ் ஆகாது என்று மேடையில் சொன்னார்களோ, மக்கள் காதில் விழ வேண்டிய நாளில் அதே சிங்கிலீஷ்தான் உதவிக்கு வந்தது. குர்மித் 2014இல் நடிப்பிலிருந்து விலகினார். 2021 மே மாதம், தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லும் அரசாங்கக் காணொளிக்காக மச்சத்தையும் பூட்ஸையும் மீண்டும் எடுத்து மாட்டினார்.

மானிட்டராக அவர் கடமை தவறவில்லை. ஆட்டமாகப் பார்த்தால் மதிப்பெண் குறைவு: அந்தப் பாட்டுகளில் எதிரே மார்கரெட் இல்லை. முகம் சுளிக்க ஆளில்லாத புவா சூ காங், மட்டையாளர் இல்லாத வலையில் பந்து வீசுகிறார். அவருடைய ஆட்டத்தைப் பார்க்க நினைப்பவர்கள் 1999க்கு முந்தைய அத்தியாயங்களிலிருந்து தொடங்குங்கள். குர்மித்தைப் பார்க்கும்போதே டான் கெங் ஹுவாவின் முகத்திலும் ஒரு கண் இருக்கட்டும்.